பயிற்சி விமான விபத்துகளின் விசாரணை முடிவுகள் ஏன் நம்மை வந்தடைவதில்லை?

பாகான் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு அரச மலேசிய ஆகாயப்படையில் விமானிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிவம் மூன்றிலிருந்தே அவன் விரும்பிய வாழ்க்கை இது என்பதால் அவனுக்கு எல்லையற்ற மகிழ்ச்சி. அக்காளுக்கோ செய்தி வந்த நாளிலிருந்து உறக்கம் இல்லை. நாங்கள் பட்டர்வொர்த் தளத்தை ஒட்டிய பகுதியில் நெடுங்காலமாக வாழ்கிறோம். அந்தத் தளத்தில் 2016 டிசம்பர் 21ஆம் தேதி பயிற்சியில் இருந்த பீச்கிராஃப்ட் விமானம் தரையிறங்கும்போது விழுந்து ஒருவர் இறந்ததையும், 2021 நவம்பர் 15ஆம் தேதி இரவு ஹாக் 108 விமானம் விபத்துக்குள்ளாகி இரு விமானிகளில் ஒருவர் உயிரிழந்ததையும் அவர் மறக்கவில்லை. இடையில் 2017 ஜூனில் குவாந்தானிலிருந்து புறப்பட்ட இன்னொரு ஹாக் 108 கெமாமான் பகுதியில் விழுந்ததில் இரு விமானிகளுமே இறந்தார்கள். 2024 ஏப்ரல் 23ஆம் தேதி லுமுட் கடற்படைத் தளத்தில் அணிவகுப்பு ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் மாண்ட காணொளியை இந்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு.

எனக்குள்ள ஐயம் இரண்டு. பயிற்சி என்றால் எதிரி இல்லை, குண்டு இல்லை, பக்கத்திலேயே அனுபவமுள்ள பயிற்றுநர் இருக்கிறார். அப்படியிருந்தும் உயிர்ச்சேதம் எப்படி ஏற்படுகிறது? அடுத்து, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணைக் குழு அமைக்கப்பட்டதாக அறிவிப்பு வருகிறது, தேசியக் கொடி போர்த்திய பெட்டி வீட்டுக்கு வருகிறது, அதன் பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு எதுவும் தெரிவதில்லையே, அது ஏன்? இறந்தவர்களின் பெயர்களையோ குடும்ப விவரங்களையோ இங்கே யாரும் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துறையை அறிந்தவர்கள் சொன்னால் அக்காளிடம் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியும்.

முன்னாள் ஆகாயப்படையாளர் (பிறை):

வணக்கம் டீச்சர். நான் விமானி அல்லன். விமானப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த அளவில் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

பயிற்சி என்றால் ஆபத்து குறைவு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. ஆனால், போர்விமானப் பயிற்சியின் பெரும்பகுதி, ஆபத்து நேரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்பதுதான். எஞ்சின் நின்றுவிட்டதாகப் பாவித்து ஓடுதளத்துக்குத் திரும்புவது, வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு மீட்பது, இருட்டில் கருவிகளை மட்டும் நம்பி இறங்குவது, இன்னொரு விமானத்தின் இறக்கைக்கு அருகில் அணிவகுத்துப் பறப்பது ஆகிய யாவும் பாதுகாப்பு விளிம்பின் ஓரத்தில் செய்யப்படுபவை. பயணிகள் விமானத்தின் விமானி தன் பணிக்காலம் முழுவதும் தவிர்க்க முயலும் நிலைகளுக்குள் பயிற்சி விமானி ஒவ்வொரு வாரமும் தெரிந்தே நுழைகிறான்.

பயிற்றுநர் உடன் இருக்கிறார் என்று சொன்னீர்கள். அவருடைய வேலையில்தான் மிகக் கடினமான முடிவு இருக்கிறது. மாணவன் தவறு செய்ததும் உடனே கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டால் மாணவன் ஒன்றையும் கற்க மாட்டான். அவன் தன் தவறைத் தானே உணர்ந்து திருத்தும் வரை காத்திருந்தால், அந்தக் காத்திருப்பில் உயரமும் வேகமும் கரைந்துகொண்டே போகும். 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று அவர் சொல்லி, மாணவன் 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று பதில் சொல்லிக் கையை எடுக்க ஓரிரு நொடிகள் ஆகும். இருபதாயிரம் அடி உயரத்தில் அந்த நொடிகள் ஒரு பொருட்டே அல்ல. முந்நூறு அடியில் அவைதான் உயிர்.

அடுத்து, ஆபத்தில் விமானியை விமானத்திலிருந்து வெளியே வீசும் இஜெக்ஷன் இருக்கை. ஹாக் விமானத்தில் உள்ளது மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் இருக்கை. அந்நிறுவனத்தின் இருக்கைகள் இதுவரை உலகெங்கும் ஏழாயிரத்துக்கும் அதிகமான விமானிகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. இவ்வகை இருக்கையை 'ஸீரோ ஸீரோ' என்பார்கள். விமானம் தரையில் அசையாமல் நின்றாலும் விமானியை மேலே வீசிப் பாராசூட்டை விரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால், விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாலோ, ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாலோ அந்தக் கணக்கு மாறிவிடும். ராக்கெட் தரும் மேல்நோக்கிய விசையின் ஒரு பகுதியை விமானத்தின் இறங்குவேகம் விழுங்கிவிடும். சாய்ந்த விமானத்திலிருந்து இருக்கை மேலே போகாமல் பக்கவாட்டில் போகும். இருக்கை பழுதின்றி வேலை செய்தும் விமானி பிழைக்காமல் போவது இவ்வாறுதான்.

2018 மார்ச்சில் பிரிட்டனின் வேலி தளத்தில் ரெட் ஏரோஸ் சாகசக் குழுவின் ஹாக் விமானம் விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்பட்ட உடனே எஞ்சின் நின்றுவிட்டதாகப் பாவித்துத் திரும்பி இறங்கும் பயிற்சியை விமானி செய்துகொண்டிருந்தார். திருப்பத்தை முடிக்க உயரம் போதவில்லை. விமானி வெளியேறிப் பிழைத்தார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த பொறியியல் பணியாளர் இறந்தார். அந்த நாள் அந்த விமானத்தின் எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை.

இரவுப் பறத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் உட்காதில் உள்ள அரைவட்டக் குழாய்களால் மிக மெதுவான சுழற்சியை உணர முடியாது. தொடுவானம் தெரியாத இருட்டில் விமானம் மெல்லச் சாயத் தொடங்கினால், நேராகப் பறப்பதாகவே உடல் உறுதியாகச் சொல்லும். விமானி அதைத் திருத்தும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதாக அதே உடல் அலறும். உடல் சொல்வதை நம்பாமல் கருவி சொல்வதை நம்பக் கற்பதற்கே பல மணி நேரப் பயிற்சி தேவைப்படுகிறது. கடலோரத் தளங்களில், ஒருபுறம் நகர விளக்குகளும் மறுபுறம் முழு இருட்டும் இருக்கும்போது, இந்த ஏமாற்றம் கூடுதலாகும். 2021இல் பட்டர்வொர்த்தில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. விசாரணைக் குழுவில் இல்லாத எவரும் அப்படிச் சொல்லக் கூடாது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்:

ஐயா விரிவாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால், அடிப்படைச் சிக்கலை அவர் தொடவில்லை என்று எனக்குப் படுகிறது. நம் ஹாக் விமானங்கள் 1990களின் நடுப்பகுதியில் வந்தவை. முப்பதாண்டுப் பழமையான விமானத்தில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, உட்காதையும் உயரத்தையும் பற்றிப் பேசுவதில் என்ன பயன்? புதிய விமானங்களை வாங்கியிருந்தால் இந்த உயிர்கள் போயிருக்காது என்பதே என் கருத்து.

முன்னாள் ஆகாயப்படையாளர் (பிறை):

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது; அதில் ஒரு பகுதி உண்மையும் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு மலேசியா 28 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது: இரட்டை இருக்கை கொண்ட 108 வகையில் பத்து, ஒற்றை இருக்கை கொண்ட 208 வகையில் பதினெட்டு. வயதான விமானத்துக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கடினமாகும், பறக்கத் தகுதியான விமானங்களின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொரு விமானிக்கும் கிடைக்கும் பறக்கும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் கைத்திறன் மங்கும். பழமையின் உண்மையான ஆபத்து பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது, உலோகம் திடீரென்று முறிவதால் அன்று. உலோகத்தின் களைப்பை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டு எழுதி வைக்கிறோம். வரம்பை எட்டிய விமானத்தைப் பறக்க விடுவதில்லை.

புதிய விமானம் என்றால் விபத்தே இல்லை என்ற முடிவுக்கு மட்டும் வர வேண்டாம். 2023 டிசம்பர் 4ஆம் தேதி ஹைதராபாத்துக்கு அருகில் உள்ள துண்டிகல் பயிற்சிக் கழகத்திலிருந்து புறப்பட்ட இந்திய விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விழுந்து பயிற்றுநரும் பயிற்சி விமானியும் இறந்தார்கள். இந்தியா அவ்வகை விமானத்தை 2013இல்தான் சேவையில் சேர்த்தது. நம் பிள்ளைகள் அலோர்ஸ்டார் கெப்பாளா பாத்தாஸில் தொடக்கப் பயிற்சி பெறுவதும் அதே பிசி-7 மார்க் 2 வகையில்தான். (டீச்சர் குழம்ப வேண்டாம், இது நம் செபராங் பிறையில் உள்ள கெப்பாளா பாத்தாஸ் அன்று, கெடாவில் உள்ளது.) லுமுட்டில் மோதிய இரண்டில் ஒன்றான ஏடபிள்யூ 139, உலகெங்கும் இன்றும் வாங்கப்படுகிற வகை.

2023 மே மாதம் கொரியாவின் எஃப்ஏ-50 விமானங்கள் பதினெட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வரட்டும், வரவேற்போம். ஆனால், புதிய விமானத்துக்கு மாறும் காலகட்டத்திலும் விமானிகள், பராமரிப்பாளர்கள் இரு தரப்பினருமே எல்லாவற்றையும் மீண்டும் கற்க வேண்டியிருக்கும். அந்த ஆண்டுகளில் கவனம் இரட்டிப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்.

சட்ட விரிவுரையாளர் (ஜோர்ஜ்டவுன்):

டீச்சரின் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். என் பார்வையில் இந்த இழையின் மையம் அதுதான்.

1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் மூன்றாம் விதி, அவ்வுடன்படிக்கை பொதுமக்கள் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றும், இராணுவம், சுங்கம், காவல் ஆகிய பணிகளில் ஈடுபடும் விமானங்கள் அரசு விமானங்கள் என்றும் வரையறுக்கிறது. விபத்து விசாரணைக்கான பதின்மூன்றாம் இணைப்பு அந்த உடன்படிக்கையின் கீழ் வருவதால், முப்பது நாளில் முதற்கட்ட அறிக்கை, இயன்றவரை பன்னிரண்டு மாதங்களில் இறுதி அறிக்கை என்ற எதிர்பார்ப்பு இராணுவ விமானங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. 2023 ஆகஸ்டில் ஷா ஆலாம் எல்மினாவில் தனியார் ஜெட் விழுந்து பத்துப் பேர் இறந்தபோது, போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள விமான விபத்து விசாரணைப் பிரிவு ஓராண்டுக்குள் இறுதி அறிக்கையை வெளியிட்டது. தரையிறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்பின்போது, பறக்கும் நிலையில் இயக்கவே கூடாத காற்றுத்தடுப்புப் பலகைகள் தவறுதலாக விரிக்கப்பட்டன என்பதை எவரும் அதில் படித்தறியலாம். எம்எச் 370 குறித்து, காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்ற முடிவோடுகூட 2018 ஜூலையில் முழு அறிக்கை வந்தது. அதே நாட்டில், அதே வானில், இராணுவ விமானம் விழுந்தால் படையே விசாரணைக் குழுவை அமைக்கிறது, அதன் அறிக்கை படைக்குள் தங்கிவிடுகிறது. 1972ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் அதன்மேல் இன்னொரு கதவைச் சாத்துகிறது.

இரகசியம் காப்பதற்கு நியாயமே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். பிழைத்த விமானியோ, விமானத்தைச் சரிபார்த்த பணியாளரோ தாம் சொல்வது நாளை தமக்கு எதிராகப் பயன்படும் என்று அஞ்சினால் உண்மையைச் சொல்ல மாட்டார். உண்மை வெளிவராவிட்டால் அடுத்த விபத்தைத் தடுக்க வழியில்லை. இதற்கு அமெரிக்க ஆகாயப்படை ஒரு வழி கண்டிருக்கிறது. விபத்துக்குப் பிறகு இரண்டு குழுக்கள் அமைகின்றன. ஒன்று பாதுகாப்பு விசாரணைக் குழு. அதில் சாட்சிகள் மனம் திறந்து பேசலாம், அது வெளிவராது. மற்றொன்று விபத்து விசாரணைக் குழு. அது உண்மைகளைத் தனியே திரட்டி, பொதுமக்களுக்கும் குடும்பத்தாருக்கும் உரிய அறிக்கையை வெளியிடும். பிரிட்டனும் தன் விசாரணை அறிக்கைகளை, பாதுகாப்புக்குரிய பகுதிகளை மறைத்துவிட்டு, இணையத்தில் வெளியிடுகிறது. ஐயா குறிப்பிட்ட 2018 ஹாக் விபத்தின் அறிக்கை 2019 அக்டோபரில் வெளிவந்தது. உயரம் போதவில்லை என்பதோடு அது நின்றுவிடவில்லை. விமானியின் களைப்பையும் கவனச்சிதறலையும் ஆராய்ந்து, இனி என்ன மாற வேண்டும் என்ற பரிந்துரைகளையும் தந்தது. அதைப் படிப்பவர், அந்த விமானியின் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் என்னென்ன அழுத்தங்கள் வேலை செய்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்கிறார். "விமானியின் தவறு" என்ற இரண்டு சொற்களோடு ஒரு விசாரணை முடியும்போது, இறந்தவருக்கும் நீதி கிடைப்பதில்லை, அடுத்து அந்த இருக்கையில் அமரப்போகிறவருக்கும் பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

குன்னூரில் 2021 டிசம்பரில் இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது பயிற்சிப் பறத்தல் அன்று என்றாலும், ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். அடுத்த மாதமே இந்திய விமானப்படை, இயந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை, வானிலை திடீரென மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து திசையுணர்வு இழந்ததே காரணம் என்று சுருக்கமாக அறிவித்தது. நம் நாட்டிலும் லுமுட் விபத்தில், மோதிய இரண்டில் மற்றொன்றான ஃபென்னெக் ஹெலிகாப்டர் நிர்ணயிக்கப்பட்ட உயரத்தையும் பாதையையும் பின்பற்றவில்லை என்ற அளவுக்கு விசாரணையின் சாரம் அறிவிக்கப்பட்டது. அது ஒரு முன்னேற்றம். ஆனால், ஏன் பின்பற்றவில்லை, ஒத்திகைக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் என்ன சொல்லப்பட்டது, ஒரு ஹெலிகாப்டர் தன் இடத்திலிருந்து விலகுவதை மற்றவர்கள் பார்த்துச் சொல்ல வழி இருந்ததா என்ற கேள்விகளுக்கான விடைகள்தான் அடுத்த அணிவகுப்பில் பறப்பவர்களைக் காக்கும்.

பாகான் ஆசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காளிடம் முதல் பதிலைப் படித்துக் காட்டினேன். அச்சம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது என்றார். ஐயாவிடம் ஒன்று: பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குக் குடும்பத்தார் சொல்லக்கூடியது ஏதேனும் உண்டா? விரிவுரையாளரிடம் ஒன்று: அறிக்கை வெளிவர வேண்டும் என்று என்னைப் போன்ற ஒருவர் யாரிடம், எப்படிக் கேட்பது?

முன்னாள் ஆகாயப்படையாளர் (பிறை):

உண்டு. பறக்கும் நாளுக்கு முந்தைய இரவு வீட்டுக் கவலைகளைத் தொலைபேசியில் அவனிடம் கொட்டாதீர்கள். நல்ல உறக்கமும் தெளிந்த மனமும் பாதுகாப்பின் ஒரு பகுதி. சளி, காது அடைப்பு, வயிற்றுக் கோளாறு எதுவாயினும் மறைக்காமல் படை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இப்போதே அவனிடம் வாக்கு வாங்குங்கள். ஒரு நாள் பறக்காமல் இருப்பதால் யாரும் பின்தங்கிவிட மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இன்னொன்று. பயிற்சியில் சேரும் எல்லோரும் விமானித் தகுதிக்கான இறக்கைச் சின்னத்தைப் பெறுவதில்லை. இடையில் நிறுத்தப்படுபவர்கள் உண்டு. அவர்களில் பலர் படையின் வேறு பிரிவுகளில் சிறப்பாகப் பணியாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நம் சமூகத்தில் ஒரு பிள்ளை விமானியாகப் போகிறான் என்றால் கோவில் கமிட்டி முதல் பழைய தமிழ்ப்பள்ளி வரை எல்லோரும் அதைப் பேசுவார்கள், மாலை போடுவார்கள். அந்தப் பெருமையே பிறகு பிள்ளையின் தோளில் சுமையாகி, தன்னால் முடியவில்லை என்பதைப் பயிற்றுநரிடம் சொல்ல விடாமல் தடுக்கக் கூடாது. திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் தன் மதிப்பு குறையாது என்பதை அவன் புறப்படும் முன்பே அவன் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள்.

சட்ட விரிவுரையாளர் (ஜோர்ஜ்டவுன்):

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். மக்களவையில் தற்காப்பு அமைச்சரிடம் வாய்மொழியாகவோ எழுத்துவழியோ பதில் கோரும் கேள்வியை அவர் முன்கூட்டியே சமர்ப்பிக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு நன்கு முன்பாகவே எழுதுவது நல்லது. முழு அறிக்கையை வெளியிடுக என்று கேட்டால், தேசியப் பாதுகாப்பு என்ற ஒரே வரியில் பதில் வந்துவிடும். அரசாங்க இரகசியச் சட்டத்தின் 2சி பிரிவின்படி ஓர் ஆவணத்தின் இரகசியத் தகுதியை அமைச்சர் நீக்கலாம் என்றாலும், அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். 2016, 2017, 2021, 2024 ஆகிய ஆண்டுகளின் விபத்துகளில் ஒவ்வொரு விசாரணைக் குழுவும் எத்தனை பரிந்துரைகளைத் தந்தது, அவற்றில் எத்தனை நிறைவேற்றப்பட்டன, நிறைவேறாதவை எவை, எப்போது நிறைவேறும் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எந்த விமானியின் பெயரும் அதில் வராது, எந்தச் சாட்சியின் வாக்குமூலமும் வெளிப்படாது, எந்த ஆயுத இரகசியமும் கசியாது. ஆகவே, மறுப்பதற்கு வலுவான காரணம் சொல்ல இயலாத கேள்வி அது. கடிதத்தின் வரைவைத் தமிழில் எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நான் மலாயில் ஆக்கித் தருகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களும் தத்தம் தொகுதி உறுப்பினருக்கு அதே கேள்வியை அனுப்பினால், ஒரே கூட்டத்தொடரில் பலர் வழியாக அது அமைச்சரைச் சென்று சேரும்.